நான்காவது கிளிக்

வணக்கம் சார்,

ஹீரோகிளிக்ஸ் என்ற பொம்மைச் சண்டை ஆட்டத்தில் எனக்கு ஒரு மான்ஸ்டர் ஹன்ட்டர் கிடைத்திருக்கிறான். அணிக் கணக்கில் 80 பாயின்ட். தொடக்கத்தில் அட்டாக் 10, டேமேஜ் 3. எதிரில் மான்ஸ்டர் இருந்தால் அட்டாக்கில் 1 கூடும். 300 பாயின்ட் அணியில் சேர்க்கலாமா? நண்பர்கள் வீண் என்கிறார்கள். பெயின்ட் சுமார், வாளும் வளைந்திருக்கிறது.

ரா.

அன்புள்ள ரா,

பெயின்டை விடுங்கள். நண்பர்களையும் விடுங்கள், நாளைக்கு உங்களுக்கு எதிரே உட்கார்ந்து ஆடப்போகிறவர்கள்தானே அவர்கள்.

அந்தக் கூடுதல் 1 சின்ன விஷயமில்லை. எதிரியின் டிஃபென்ஸ் 18 என்றால் உங்கள் 10உடன் சேர இரண்டு பகடையில் 8ஆவது விழவேண்டும், 36 வாய்ப்பில் 15. ஒன்று கூடினால் 7 போதும், 21 ஆகிவிடும். ஆனால் எதிராளி மான்ஸ்டரையே இறக்காவிட்டால்? அதனால் மான்ஸ்டர் இல்லாத ஆட்டத்தை மனதில் வைத்துத்தான் இவனை எடைபோட வேண்டும்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். "தொடக்கத்தில் 10, 3" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அப்புறம் பொம்மையின் அடியில் டயல் எதற்கு இருக்கிறது? 2000இல் மேஜ் நைட் என்ற பொம்மை ஆட்டத்தில் வந்து 2002இல் ஹீரோகிளிக்ஸுக்கும் போன அந்தச் சக்கரம்தான் இந்த ஆட்டமே. வாங்கும் டேமேஜ் ஒன்றுக்கு டயல் ஒரு கிளிக் திரும்பும், எண்களும் மாறும். டேமேஜ் 3 உள்ள யாராவது ஒரே ஒரு முறை அடித்தால் உங்கள் ஆள் நான்காவது கிளிக்கில் நிற்பான், நீங்கள் ஆசையாகச் சொன்ன அந்த 10 அங்கே இருக்குமா என்றே தெரியாது. அங்கே அட்டாக் 8 என்றால் நீங்கள் 80 பாயின்ட் கொடுத்தது வெறும் ஒரு அடி தாங்குகிற ஆளுக்கு. முதல் கிளிக் எல்லா பொம்மைக்கும் அழகாகத்தான் இருக்கும், பெண் பார்க்கும் நாள் மாதிரி.

என்னிடமும் இப்படி ஒரு வேட்டைக்காரன் இருந்தான், அவனுக்கும் வாள் வளைந்துதான் இருந்தது. அடிபட்டால் வீணாகிவிடுவான் என்று எப்போதும் பின்வரிசையிலேயே ஒளித்து வைப்பேன். அண்ணன் சிரிப்பான், "இவன் வேட்டைக்காரனாடா, வாட்ச்மேன்டா". ஒருநாள் அணியில் எல்லோரும் போய் இவன் மட்டும் மிஞ்ச, வேறு வழியில்லாமல் முன்னால் அனுப்பினேன். அடி வாங்க வாங்க டயலில் நான் பார்த்தே இராத நிறங்கள் வந்தன, நிறம் ஒவ்வொன்றும் ஒரு சக்தி. ஐந்தாவது கிளிக்கில், அடித்தால் தானும் ஒரு கிளிக் தேறிக்கொள்ளும் சக்தி இருந்தது! இரண்டு வருடம் கையில் வைத்திருந்தும் ஒருமுறைகூட முழுதாகத் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் தோற்றேன், அது வேறு கதை.

வாளை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, இளகியதும் விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள், நிற்கும். அப்படியே டயலைக் கடைசி வரை திருப்பிப் பார்த்து நான்காவது கிளிக்கில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் சேர்க்கலாமா என்று கேட்டு இன்னொரு கடிதம் வேண்டாம்.