எர்மோசியோவுக்கு வரும் தம்பிக்கு: பேஸ்பாலும் தண்ணீரும்

அன்புள்ள தம்பிக்கு,

மெக்சிகோவின் ஹெர்மோசில்லோவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை உறுதியாகியிருப்பதாகவும், வாடகை, சைவச் சாப்பாடு, வெயில், மொழி ஆகியவற்றைப் பற்றி அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், 'மேலாளர் பேஸ்பால் பிடிக்குமா என்று கேட்டார். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது?' என்று போகிற போக்கில் ஒரு கேள்வி. நான் பதில் எழுதப்போவது அந்தக் கடைசி வரிக்குத்தான். மற்றவற்றை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்பதால் ஏ.சி. இல்லாத வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். அவரைக்கூட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம் என்பதால் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். ஊரின் பெயரையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்: ஸ்பானிஷில் அந்த 'ஹ' ஒலிப்பதில்லை, அது எர்மோசியோ.

நான் 2008 அக்டோபரில் கோதுமை வயல் வேலைக்காக, எர்மோசியோவுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டரில் இருக்கும் சியுதாத் ஒப்ரெகோனுக்கு வந்தேன். வந்த மூன்றாவது வாரம் உடன் வேலை செய்பவர்கள் என்னை பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊர் அணியான யாக்கிஸை எதிர்த்து எர்மோசியோ அணி ஆடியது. எர்மோசியோ ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். 1999-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் வென்றபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். நல்ல ஆட்டம் யாருடையதானாலும் தட்ட வேண்டும் என்று வளர்ந்தவன். எங்கள் வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மறுநாள் முதல் அறுவடை முடியும்வரை வயலில் என் பெயர் 'நராஞ்ஹா', அதாவது ஆரஞ்சுப்பழம். எர்மோசியோ அணியின் பெயர் நராஞ்ஹேரோஸ், ஆரஞ்சு விளைவிப்போர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த அணிப் பெயர்களை நீங்கள் விமானம் ஏறும் முன்பே படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் பக்கத்தின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. குலியாகான் அணி தக்காளிக்காரர்கள், லோஸ் மோச்சிஸ் அணி கரும்புக்காரர்கள், குவாசாவே அணி பருத்திக்காரர்கள். நம் ஊரில் அணிகளுக்கு அரசர்களையும் சிங்கங்களையும் பெயராக வைப்போம். இவர்கள் பயிரை வைத்தார்கள். பாலைவனத்தின் ஓரத்தில் ஆறுகளை அணைகட்டித் திருப்பி, இரயிலிலும் பிறகு லாரியிலும் வடக்கே அமெரிக்கச் சந்தைக்கு விளைச்சலை அனுப்பி எழுந்த ஊர்கள் இவை. 1945-இல் பசிபிக் கரையோர லீக் தொடங்கியபோது குவாய்மாஸ் துறைமுகத்தின் அணிக்குச் சிப்பிக்காரர்கள் என்றும், குலியாகான் அணிக்கு அப்பகுதியின் சோள மாவுப் பலகாரமான தகுவாரினின் பெயரிலும் பெயர் வைத்திருந்தார்கள். அந்த லீக் 1958-இல் நொடித்தது. அதே ஆண்டில் எர்மோசியோவும் ஒப்ரெகோனும் இருக்கும் சொனோரா மாநிலத்தின் ஊர்கள் மட்டும் சேர்ந்து ஒரு குளிர்கால லீக்கைத் தொடங்கின. பிறகு தெற்கே அண்டை மாநிலமான சினலோவாவும் சேர்ந்து, அதுவே 1970-இல் இன்றைய மெக்சிகன் பசிபிக் லீக் ஆனது. அக்டோபரில் தொடங்கி சனவரியில் முடியும். வெற்றி பெறும் அணி பிப்ரவரியில், பல நாடுகளின் குளிர்கால சாம்பியன்கள் மோதும் கரீபியன் தொடருக்குப் போகும். மெக்சிகோவுக்கு அந்தக் கோப்பையை முதன்முதலாகக் கொண்டுவந்தது 1976-இல் உங்கள் எர்மோசியோதான். இதை மேலாளரிடம் சொல்லுங்கள், ஆறு மாத ஸ்பானிஷ் வகுப்புக்குச் சமம்.

இப்போது எச்சரிக்கைகள். முதலாவது, ஒப்ரெகோன்காரர்கள் முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசாதீர்கள். 2010-க்குப் பிறகு மாநில அரசு யாக்கி ஆற்றின் எல் நோவியோ அணையிலிருந்து எர்மோசியோவுக்குக் குழாய் போட்டது. காவிரியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளத்தாக்கின் விவசாயிகளும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான யாக்கி மக்களும் எதிர்த்தார்கள். யாக்கி ஊரான விகாம் அருகே நெடுஞ்சாலை அடிக்கடி மறிக்கப்பட்டது, நானே பல மணி நேரம் லாரிகளுக்கு நடுவே கிடந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் இரண்டு அணிகளும் மோதினால் அரங்கில் கேட்ட வசவுகளில் பாதி பந்தைப் பற்றியது அல்ல.

இரண்டாவது, யாக்கி என்பது சட்டையில் அச்சடித்த ஒரு படம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சி இந்த மக்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, நாட்டின் மறுகோடியான யுகதானின் கற்றாழைநார்த் தோட்டங்களுக்கு நாடு கடத்தியது. தப்பியவர்கள் சிலர் அரிசோனாவில் குடியேறினார்கள், சிலர் நடந்தே திரும்பினார்கள். 1930களின் இறுதியில் ஜனாதிபதி லாசாரோ கார்தெனாஸ் ஆற்று நீரில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினார். 1952-இல் முடிந்த பெரிய அணைக்குப் பிறகு அவர்கள் ஊர்களின் பக்கம் ஆறு வறண்டதுதான் மிச்சம். அவர்கள் மொழியில் வெளியாளுக்கு 'யோரி' என்று பெயர். நானும் யோரி, நீங்களும் யோரிதான். இன்னொன்று: பூர்வகுடிகளைக் குறிக்கும் 'இந்தியோ' என்பது இங்கே வசைச்சொல். நம்மை, எந்த மதமானாலும், 'இந்து' என்றுதான் அழைப்பார்கள். இதற்காக முகம் சுளித்துச் சண்டை போட்ட நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். 'இந்தியாவிலிருந்து வருகிறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் முடிந்தது.

நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெக்சிகோவுக்கு வரும் இளைஞர்களில் பலர் உடலை இங்கே வைத்துவிட்டு மனத்தை டெக்சாஸில் வைத்திருக்கிறார்கள்; நான்கு ஆண்டுகள் இருந்தும் 'கிராசியாஸ்' தாண்டாமல், ஐ.பி.எல். பார்த்துக்கொண்டு, பேஸ்பால் ஒரு மட்டமான கிரிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். அவர்களுக்கு நான் பேஸ்பால் மட்டையாளர் எக்தோர் எஸ்பினோவின் கதையைச் சொல்வேன். சிவாவாவில் பிறந்து, எர்மோசியோவின் குளிர்காலங்களில் பந்தை விளாசிய அவர், 1964-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் சென்று நன்றாகவே ஆடினார். மறுபடி அழைத்தபோது அமெரிக்காவுக்குப் போக மறுத்துவிட்டார். எர்மோசியோ தன் அரங்குக்கு அவர் பெயரை வைத்தது. போனவரையும் இவர்கள் கொண்டாடுவார்கள்: நவொஹோவாவுக்கு அருகிலுள்ள எச்சொவாகீலா கிராமத்தில் பிறந்து, 1981-இல் அமெரிக்காவின் நேஷனல் லீக்கில் சிறந்த பந்துவீச்சாளர், சிறந்த புதுமுகம் ஆகிய இரு விருதுகளையும் ஒரே ஆண்டில் வாங்கிய ஃபெர்னாந்தோ வலென்சுவேலா 2024 அக்டோபரில் இறந்தபோது, என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆண்டே நவொஹோவாவின் அணியை எல்லை தாண்டி அமெரிக்காவின் டூசானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அதில் இன்றும் ஆத்திரம் உண்டு. கோயில் உற்சவரை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் நாம் விடுவோமா?

இந்த மண்ணை நான் வெறும் வேலையிடமாகப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1966-இல் இந்தியா 18,000 டன் விதைக் கோதுமையை மெக்சிகோவிலிருந்து தருவித்தது. அதில் ஒரு வகையின் பெயரே சொனோரா-64. அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் அந்தக் கோதுமை ஆராய்ச்சிகளைச் செய்தது எங்கள் யாக்கி பள்ளத்தாக்கில். அதை இந்தியாவில் வரவேற்றுப் பரப்பியவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அதைச் சொன்ன பிறகுதான் வயலில் என்னை 'நராஞ்ஹா' என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

2013 பிப்ரவரியில் எர்மோசியோவில் புதிய அரங்கைத் திறந்து கரீபியன் தொடரை நடத்தினார்கள். அந்த ஆண்டு மெக்சிகோவின் சாம்பியன் எங்கள் யாக்கிஸ். தண்ணீர்ச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒப்ரெகோன் அணி எர்மோசியோக்காரர்களின் வீட்டில் நாட்டுக்காக ஆடியது. நான் பேருந்தில் போயிருந்தேன். டொமினிக்கன் அணியுடனான இறுதியாட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியவில்லை. நள்ளிரவைத் தாண்டிப் பதினெட்டாவது இன்னிங்ஸ் வரை, ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. என் பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர், போர்வையில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் அணிக்காகத் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் அணியின் டக் கிளார்க் அடித்த பந்து வேலியைத் தாண்டி, 4-3 என்று ஆட்டம் முடிந்தபோது அவரும் நானும் கட்டிக்கொண்டோம். இறங்கும்போது படிக்கட்டில் நின்று என் தோளைத் தட்டி, 'கோப்பையை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள், தண்ணீர் எங்களுக்கு' என்றார்.