சீலிங் ஆக்சஸ் பாயிண்டில் வேகம் 94-ஐத் தாண்டவில்லை: பதில்

ரவுட்டரில் நேரே கேபிள் போட்டால் 300 எம்பிபிஎஸ், சீலிங்கில் மாட்டிய ஆக்சஸ் பாயிண்டில் (வைஃபை பரப்பும் பெட்டி) எந்த போனிலும் 94தான் என்றால் கோளாறு வைஃபையில் இல்லை, பெரும்பாலும் ஆக்சஸ் பாயிண்டுக்குப் போகும் கேபிளில். வைஃபை சேனலை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ் லிங்கில் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94தான். ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6-ஆம் கம்பிகள் போதும். நீல ஜோடியிலோ (4, 5) பழுப்பு ஜோடியிலோ (7, 8) ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் (பிளக்கில் அழுத்திப் பொருத்தப்படாவிட்டாலும்) லிங்க் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிஓஇ மின்சாரம் (ஆக்சஸ் பாயிண்டுக்கு அதே கேபிளில் வரும் மின்சாரம்) மற்ற ஜோடிகளில் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

1. ஸ்விட்ச் அமைப்புப் பக்கத்தில் அந்தப் போர்ட்டின் லிங்க் வேகத்தைப் பாருங்கள்.

2. 100 என்றிருந்தால் ஆக்சஸ் பாயிண்டைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்திலேயே நல்ல பேட்ச் கார்டில் (ரெடிமேட் குட்டை கேபிள்) மாட்டுங்கள். 1000 வந்தால் சீலிங் கேபிள்தான் குற்றவாளி. இரண்டு முனையிலும் ஆர்ஜே45 பிளக்கை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். எட்டுக் கம்பிகளின் நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும். வெளியுறை பிளக்குக்குள் மாட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறது.

பேட்ச் கார்டிலும் 100-ஏ வந்தால் கிரிம்பிங்கைத் தொடாதீர்கள். சில ஸ்விட்ச்களில் அப்லிங்க் (ரவுட்டருக்குப் போகும் போர்ட்) மட்டும் ஜிகாபிட், பிஓஇ போர்ட்கள் 100தான். 4, 5, 7, 8-இல் மின்சாரம் மட்டும் அனுப்பும் மலிவான பாசிவ் இன்ஜெக்டரும் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) வேகத்தை 100-இல் நிறுத்திவிடும்.