அன்றாட வேலையில் ஏஐ கருவிகளை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? காசு கட்டி வாங்கும் அளவுக்கு அவை தேவையா?

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ பிரிண்ட், மனு எழுதுவது எல்லாம் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் என்பதால் சனிக்கிழமை மாலையிலிருந்தே மனு எழுத ஆட்கள் வந்துவிடுவார்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த வருடமே கடையில் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தேன், இப்போது கூகுளின் ஜெமினியும் சேர்ந்து தினமும் ஓடுகிறது. அதனால் என் கடையை வைத்தே பதில் சொல்கிறேன்.

எல்லோரும் இதை எழுதித் தரும் கருவியாகத்தான் நினைக்கிறார்கள். என் கடையில் இது அதிகம் உதவுவது படித்துச் சொல்வதற்கு.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வரும் முக்கியமான காகிதங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் வருகிறது. வங்கி நோட்டீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம், பி.எஃப். பதில், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. படித்த பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கவரைப் பார்த்தாலே பயம். ஒரு அம்மா மடித்து மடித்துக் கசங்கிப்போன நாலு பக்கக் கடிதத்தோடு வந்தார். "தம்பி, இது என்னன்னு பாரேன். போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டுப் போனாரு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்றார். பெயர், கணக்கு எண்ணை மறைத்துப் படம் எடுத்து, தமிழில் எளிமையாக விளக்கச் சொல்லிக் கருவியிடம் கொடுத்தேன்.

அது, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்திலிருந்து கடனை வசூலிக்க வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவில் வந்த வீட்டுக் கடன் நோட்டீஸ். நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்கிறது. கட்டாவிட்டால் அடமானச் சொத்தின் மீது வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம், அதை ஏற்காவிட்டால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் தெளிவான தமிழில் கருவி சொன்னது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். "நாளைக்கே பூட்டிடுவாங்களாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லி, நோட்டீஸில் இருந்த தேதியைக் காலண்டரில் வைத்து எண்ணிக் காட்டினேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் சொல்லி அங்கே அனுப்பிவைத்தேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. நிறைய பேருக்கு இது தெரியாது, தயவுசெய்து தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

இந்த வேலையைக் கருவி இல்லாமலும் செய்திருப்பேன். ஆனால் சட்ட ஆங்கிலத்தில் நாலு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கே பாதி நாள் ஆகும், அந்த அம்மாவுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். தேதியும் தொகையும் மட்டும் எப்போதும் அசல் காகிதத்தில் என் கண்ணால் பார்த்த பிறகுதான் வாய் திறப்பேன்.

நிலக் காகிதங்களில் இவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. சிட்டாவில், அதாவது நிலம் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவில், பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0 - 40.50 என்று இருந்தால் 40.5 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக அந்த நிலம் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அதைக் கருவி நாற்பது சென்ட் என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கு உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு கணக்கு வெளியே போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய கையெழுத்துக் கிரயப் பத்திரம் இன்னும் மோசம். ௵, ௴, ௳, ௸ என்று வருடம், மாதம், நாள், மேற்படிக்கெல்லாம் குறியீடு போட்டுச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருப்பார்கள். கருவி தெரியவில்லை என்று சொல்லாது, ஏதோ ஒன்றை முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடும். அந்த மாதிரிப் பத்திரம் வந்தால் அனுபவப்பட்ட பத்திர எழுத்தரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் மனு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எங்கள் தெருவில் குடிதண்ணீர் வரவில்லை, ஆட்சியருக்கு மனு எழுது" என்று ஒரே வரியில் கேட்டுப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு என்று வடிவம் கச்சிதமாக வரும். நடுவில் "கடந்த ஆறு மாதங்களாக", "பலமுறை நேரில் முறையிட்டும்", "குழந்தைகளும் முதியோரும் நோய்வாய்ப்பட்டு" என்றெல்லாம் இருக்கும். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. விவரம் இல்லாத இடத்தை அதுவே நிரப்பிக்கொள்கிறது. வாசிக்கும்போது நன்றாக இருப்பதால் வந்தவரும் "அருமையா இருக்குண்ணே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். மனுவைக் கையில் வாங்கும் அதிகாரி, "பலமுறை முறையிட்டேன்னு எழுதியிருக்கீங்களே, யாருகிட்ட, எப்ப?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மனு கொடுத்தவர் விழிப்பார். அதன்பிறகு அவர் சொல்லும் நிஜத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையான குறையோடு வந்த மனிதர் பொய்யராக நிற்பது கொடுமை.

அதனால் என் கடையில் கருவியைத் திறப்பதற்கு முன்னால் கேள்விதான். எத்தனை வீடு? எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரவில்லை? மோட்டார் பழுதா, பைப் உடைப்பா? ஊராட்சியில் யாரிடம் சொன்னீர்கள்? எழுதிக் கொடுத்தீர்களா, வாயால் சொன்னீர்களா? ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? அவர் சொல்வதை கூகுள் குரல் தட்டச்சில் அப்படியே பதிவு செய்துகொள்வேன். ஊர்ப் பெயர், தெருப் பெயர், ஆள் பெயர் மூன்றிலும் அது தடுமாறும், அவற்றை நானே அடித்துவிடுவேன். பிறகு, "இதில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பக்க மனு எழுது, புதிதாக எதையும் சேர்க்காதே" என்று கருவிக்குச் சொல்வேன். அப்படிச் சொல்லியும் ஒரு வரி கூடுதலாக நுழைந்துவிடும். கையெழுத்துக்கு முன் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவது அதற்காகத்தான். "இத நான் சொல்லலியே" என்று அவர்களே பிடித்துவிடுவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களில் கருவி நன்றாகவே கைகொடுக்கிறது. ஜனங்கள் கோபத்தோடு வருவார்கள். "ஏன் எங்க தெருவுக்கு ரோடு போடல?" என்பதுதான் அவர்கள் கேள்வி. அப்படியே எழுதினால், காரணம் கேட்பது இந்தச் சட்டத்தில் வராது என்று பதில் வந்துவிடும். அதே கோபத்தை, இந்த நிதியாண்டில் இந்தத் தெருவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணமாகக் கேட்கும்படி மாற்றித் தரச் சொன்னால் நன்றாகவே மாற்றித் தருகிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது. கருவி பொதுநலன் அது இது என்று ஒரு பத்தி சேர்த்தால் அதை எடுத்துவிடுங்கள்.

தீர்ப்புகளை மேற்கோள் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். இல்லாத வழக்குக்குப் பெயரும் வருடமும் போட்டுக் கொடுத்துவிடும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த போலித் தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வக்கீல்களுக்கே இந்தக் கதி என்றால், வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் விவசாயி எதை வைத்துச் சரிபார்ப்பார்?

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரியத்துக்கு மாட்ட, பேனர் அடிக்க என்று பழைய போட்டோவைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். ஓரம் கிழிந்து பூஞ்சை பிடித்த படத்தைக்கூட ஏஐ பளபளவென்று ஆக்கிவிடும். ஆனால் பாஸ்போர்ட் அளவு மங்கல் படத்தில் கண்ணும் மூக்கும் சரியாகத் தெரியாதபோது, அதுவாக ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு பெண் தன் அப்பாவின் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "அண்ணே, ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது எங்கப்பா இல்ல" என்றார். தாடைக்குக் கீழே இருந்த மச்சம் போய்விட்டது, கொஞ்சம் சாய்ந்திருக்கும் உதடு நேராகிவிட்டது. அதிலிருந்து, பின்னணி, கிழிசல், கறை மூன்றையும்தான் கருவியால் சரிசெய்கிறேன். முகத்தைப் பழைய முறையில் போட்டோஷாப்பில் கையால் கொஞ்சம் தெளிவாக்குவதோடு சரி. மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருக்க வேண்டும்.

ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை அப்படியே இந்தக் கருவிகளில் ஏற்றாதீர்கள். கடைக்காரர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், அது நம்மை நம்பிக் கொடுத்த காகிதம். எண்ணின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துப் படம் எடுக்க அரை நிமிடம் ஆகாது. ஆதாரில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் மனைவி அவள் சுயஉதவிக் குழுக் கணக்கை எக்செல்லில் கூட்டச் சூத்திரம் கேட்டுக்கொள்கிறாள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் கணக்குப் பாடத்தில் ஒரு படி புரியவில்லை என்றால் கேட்கிறாள். விடையைக் கேட்காமல் "அடுத்த படி என்ன, ஏன்?" என்று மட்டும் கேட்க அவளைப் பழக்கியிருக்கிறேன், அதில் எனக்குத் திருப்தி.

காசு கட்ட வேண்டுமா என்றால், வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. இலவசமாகக் கிடைப்பதே ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதவும் போதும். நான் மாதக் கட்டணம் கட்டுகிறேன். இலவசக் கணக்கில் ஓரளவுக்கு மேல் படமும் பிடிஎஃப்பும் ஏற்ற விடுவதில்லை, கூட்டம் நிற்கும் நேரத்தில் அது நின்றுபோனால் கடை ஓடாது. கட்டும் பணத்தை மனு எழுதும் கூலியில் ஏற்றவில்லை. ஒரே நாளில் கூடுதலாக நாலு பேருக்கு எழுத முடிவதால் கட்டுப்படியாகிறது. உங்களுக்குத் தினமும் இருபது முப்பது காகிதம் படிக்கும் வேலை இல்லையென்றால் இலவசத்திலேயே இருங்கள்.