காதல் பிரிவைப் பாடும் ஆங்கிலப் பாடல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

நோ டவுட் என்ற அமெரிக்கக் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்'. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கதை தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். பாடகி க்வென் ஸ்டெஃபானியும் அதே குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிற ரொனி கனலும் 7 வருடங்கள் காதலித்தவர்கள். உறவை முடித்துக்கொண்டவர் ரொனி. க்வெனும் அண்ணன் எரிக்கும் சேர்ந்து உருவாக்கிய இந்தப் பாட்டு முதலில் ஒரு சாதாரண காதல் பாட்டு. பிரிவுக்குப் பிறகு க்வென் வரிகளை மாற்றி எழுதினார். மறுகா நடந்ததுதான் என்னை உலுக்குகிறது: அந்தப் பாட்டுக்கு ரொனியே பேஸ் வாசித்தார்!

1995இல் 'ட்ரஜிக் கிங்டம்' தொகுப்பில் வந்தது, அடுத்த வருடம் தனிப்பாடலாக வெளியானது. அமெரிக்க வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடம், 1997 பெப்ரவரியில் பிரித்தானியாவிலும் முதலிடம். பாட்டு அப்படி ஓட ஓட மேடைகளும் கூடின. ஒவ்வொரு மேடையிலும் க்வென் தன் மனம் உடைந்ததைப் பாட, உடைத்தவர் அதே மேடையில் நின்று தாளம் பிசகாமல் வாசிக்க வேண்டும். இருவரும் அதைச் செய்தார்கள்.

மட்டக்களப்பில் இருக்கிற எனக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. கொழும்பில் பிரிந்தவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலே காலத்தைக் கடத்திவிடலாம். இங்கே எப்படி? பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடந்தால் எதிரே வருவார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போனால் அங்கேயும் நிற்பார். என் சிநேகிதி ஒருத்தி, பிரிந்த ஆளோடு இன்றும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறாள். ஆசிரியர் அறையில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. இந்தப் பாட்டின் கதையைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவர் இன்னும் அந்தக் குழுவிலதான் இருக்கிறாரா?"

இருக்கிறார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024இல் கோச்செல்லா விழாவில் குழு ஒன்றுகூடியபோதும் ரொனி பேஸோடு வந்து நின்றார். அதைச் சொன்னதும் அவள் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் எந்த அறிவுரையாலும் கொடுத்திருக்க முடியாது.

இசையும் லேசுப்பட்டதில்லை. அடங்கிய குரலில் தொடங்கி, பல்லவியில் திடீரென்று வெடிக்கும். நடுவில் ரொம் டூமொன்ட் நைலோன் தந்திக் கிற்றாரில் வாசிக்கிற துண்டில் ஸ்பானிய வாசம் வீசும். சோஃபி முல்லர் இயக்கிய வீடியோவையும் பாருங்கள். க்வெனையே எல்லாரும் படம் பிடிக்க, மற்ற மூவரும் ஒதுக்கப்படுவதை அதில் மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள்.

சரி, முதல் தடவை க்வெனின் குரலுக்காகக் கேளுங்கள். அடுத்த தடவை ஹெட்போன் போட்டு, குரலை விட்டுவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.