லைட் க்யூர் ஃபில்லிங் சுருங்கும்போது பல்லைக் காப்பது எப்படி?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல்லில் போன மாதம் லைட் க்யூர் ஃபில்லிங் வைத்தார்கள். மெல்லும்போது சுரீர் என்கிறது. ஃபில்லிங் சுருங்கியதால் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். பக்கத்துப் பல்லிலும் சொத்தை. அதற்கு எப்படி வைக்கச் சொல்வது?

பதில்: சுருங்குவது உண்மைதான். குழைவாக வைக்கும் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் கலவை, நீல வெளிச்சம் பட்டு இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் குறையும். கொஞ்சம்தான். ஆனால் அது பாண்டிங் திரவத்தால் பல்லோடு ஒட்டியிருக்கிறதே! ஒட்டு விட்டால் அடியில் இடைவெளி விழும். விடாவிட்டால் பல்லின் முகடுகளே உள்பக்கம் வளையும். பாலிஷ் செய்தபின் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சில பற்களில் ஃபில்லிங் ஓரமாக முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். எனாமல் இழுபட்டுக் கீறிய இடம் அது.

கடைவாய்ப்பல்லின் நடுக்குழியில்தான் இந்த இழுப்பு அதிகம். நான்கு சுவர், ஒரு தரை என ஐந்து பக்கம் ஒட்டிக்கொள்கிறது. இளகிக்கொடுக்க மேற்பக்கம் மட்டுமே இருக்கிறது. அதனால் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக, எதிரெதிர்ச் சுவர்களை ஒரே அடுக்கு இணைக்காதபடி சாய்வாக வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக இறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. "அவசரமில்லை டாக்டர், அடுக்கடுக்காகவே வையுங்க" என்று முன்கூட்டியே சொல்லி, நீண்ட அப்பாயிண்ட்மென்ட் வாங்குங்கள். 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கும் பல்க் ஃபில் வகை உண்டு. சாதாரண காம்போசிட்டை அப்படி வைத்தால் அடிப்பகுதி சரியாக இறுகாது.

ஆழமான குழி என்றால் அடியில் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் போடச் சொல்லிக் கேளுங்கள். காம்போசிட்டின் அளவு குறையும், இழுப்பும் குறையும். குழி பெரிதாகி முகடுகள் மெலிந்திருந்தால், வெளியே செய்து ஒட்டும் இன்லே அல்லது ஆன்லேதான் என் தேர்வு. சுருங்க வேண்டியதெல்லாம் வாய்க்கு வெளியிலேயே சுருங்கிவிடும், ஒட்டும் பசையின் மெல்லிய படலம் தவிர. இழுப்பைக் குறைக்க விளக்கின் வெளிச்சத்தை மெதுவாகக் கூட்டும் முறையை மட்டும் நம்பி அடுக்குகளைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, இப்போது வலிக்கிற பல்? முதலில் கார்பன் பேப்பரைக் கடிக்கவைத்து, ஃபில்லிங் உயரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயரம்தான் காரணமென்றால், லேசாகத் தேய்த்தாலே சில நாட்களில் அடங்கிவிடும். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் வலித்தால் பல்லில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரவில் தானாக விண்விண் என்று தெறித்தாலோ, சூடாகக் குடித்தபின் வலி நீடித்தாலோ தள்ளிப்போடாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.