கடிதம்: ஜாமீன் கிடைத்தும் சிறையில்

அன்புள்ள ஐயா,

நிலுவை வழக்குகளின் தரவுகளை ஆராயும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு வார இறுதிகளில் உதவி வருகிறேன். வேலையை விட்டுவிட்டு அங்கேயே முழுநேரமாகச் சேரலாமா? இத்தகைய அமைப்புகளால் நீதிமன்றங்கள் மாறுமா? வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் என்று வீட்டில் எதிர்க்கிறார்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வெளிநாட்டுப் பணப் பேச்சை விடுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். மாறுமா என்றால், மாறியிருக்கிறது. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியை வைத்தே வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979-இல் தீர்ப்பு வந்தது அந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நிலுவை வழக்கு பற்றிப் பேச்சு இருக்கிறது, ஜாமீன் பற்றி இல்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்பதை அறிந்த பிறகும் இதை எப்படித் தவறவிட்டீர்கள்?

மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். சித்தாள் வேலை. மகனுக்கு ஜாமீன் உத்தரவாகிவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும் என்றார் குமாஸ்தா. வாடகை வீட்டுக்காரியிடம் ஏது வரி ரசீது? ரேஷன் கார்டை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு விலை பேசும் ஒருவர் வாசலிலேயே நின்றிருந்தார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

இது புதிய கதையும் அல்ல. கொத்தனாரான மோத்தி ராமிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அந்தச் சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதை, ஜாமீன்தாரர் இல்லாமல் தானே எழுதித்தரும் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையாகக் குறைத்ததோடு, பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதாகும் தமிழன் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்ற பொருளில் கேட்கவும் செய்தார். அவ்வளவுக்குப் பிறகும், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளிவராதவர்களைச் சிறைக் கண்காணிப்பாளர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஆணைக்குழு ஆளனுப்பி உதவ வேண்டும். ஒரு மாதமாகியும் கைதியால் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். உங்கள் நிறுவனத்தின் அழகான வரைபடங்களில் இந்த ஏழாம் நாளுக்கு ஒரு கட்டம் உண்டா, தம்பி?

வேலையை விடுவதைப் பிறகு பேசுவோம். ஒரு நாள் விடுப்புப் போட்டு, உங்கள் மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்தில், ஏழு நாளில் வெளிவராதவர்களின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.