எல்லை தாண்டும் படங்கள்: கூட்டுத் தயாரிப்பு பற்றிய கேள்வி பதில்

பல நாடுகள் கூடிப் படமும் தொடரும் எடுக்கும் முறையைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தயாரிப்புக் கணக்கிலும் ஒப்பந்தத் தாள்களிலும் நெடுநாள் உழன்றவன் என்ற முறையில் என்னால் இயன்ற பதில்கள் இவை.

கேள்வி: ஒரு நாடு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளக் கூடாதா? அண்டை நாட்டின் துணை எதற்கு?

உள்ளூர்ச் சந்தை தாங்கும்வரை எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்லாந்தில் 4 லட்சத்துக்கும் குறைவான மக்களே வாழ்கிறார்கள். குழந்தை குட்டியோடு எல்லோரும் டிக்கெட் வாங்கினாலும் ஒரு பெரிய படத்தின் செலவு அங்கே திரும்பாது. டென்மார்க், நார்வே, பின்லாந்து மூன்றும் தலைக்கு 55 முதல் 60 லட்சம் மக்களைக் கொண்டவை; சுவீடன் ஒரு கோடியைச் சற்றே தாண்டும். நோர்டிக் நாடுகள் எனப்படும் இந்த ஐந்தையும் கூட்டினாலும் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதி வராது. ஆயினும் அந்த வட்டாரத்தின் குற்றத் தொடர்கள் உலகெங்கும் விலைபோவதற்கு, 1959இல் ஐஸ்லாந்து தவிர்த்த நான்கு நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் தொடங்கிய ‘நோர்டிவிஷன்’ என்ற நிகழ்ச்சிப் பரிமாற்றமும், 1990இல் ஆஸ்லோவில் அமைந்த ‘நோர்டிஸ்க் பிலிம் அண்ட் டிவி பாண்ட்’ என்ற பொது நிதியும் பெருங்காரணங்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: அந்த நிதியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துவிடுவார்களா?

இல்லை, நாட்டுவாரி ஒதுக்கீடு அங்கே கிடையாது. நோர்டிக் அமைச்சர்கள் மன்றமும், அந்தந்த நாட்டுத் திரைப்பட நிறுவனங்களும், தொலைக்காட்சி நிலையங்களும் சேர்ந்து பணம் போடுகின்றன. கேட்டு வருபவர், தம் படம் குறைந்தது இரண்டு நோர்டிக் நாடுகளில் திரையிடப்படும் அல்லது ஒளிபரப்பாகும் என்பதற்கு உறுதி காட்ட வேண்டும். ஆக, பணம் கேட்பதற்கு முன்பே பக்கத்து நாட்டில் ஒரு வாங்குபவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். படத்தை எடுத்து முடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விநியோகஸ்தரைத் தேடி அலையும் நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

கேள்வி: பத்து சதவீதம் மட்டும் போடும் சிறிய கூட்டாளிக்கு என்ன கிடைக்கும்? பெரியவர் விழுங்கிவிட மாட்டாரா?

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஐரோப்பிய மன்றத்தின் 1992ஆம் ஆண்டுக் கூட்டுத் தயாரிப்பு உடன்படிக்கை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள் சேரும் படத்தில் ஒருவரின் பங்கு 10 சதவீதத்துக்குக் குறையவோ 70 சதவீதத்தைத் தாண்டவோ கூடாது என்றது. 2017இல் ராட்டர்டாமில் கையெழுத்தான திருத்த வடிவம் இவ்வரம்புகளை 5, 80 என்று தளர்த்தியது.

10 கோடி ரூபாய்ப் படம் ஒன்றை மூவர் 7, 2, 1 கோடி என்று போட்டு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடி போட்டவருக்கு அந்தப் படம் அவர் நாட்டின் சொந்தப் படமாகவே கணக்காகும். அதனால் அவர் அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், சில நேரங்களில் அந்த ஒரு கோடியே அப்படி வந்ததாக இருக்கும். அவர் நாட்டு ஏரியா, அதாவது அங்கே படத்தை விற்கும் உரிமை, முழுவதும் அவருக்கு. மூவரின் நாடுகளுக்கு வெளியே வரும் வருமானத்தில் பெரும்பாலும் பங்கு விகிதப்படி ஒரு பகுதி உண்டு. ஒலிக்கலவையோ வண்ணத் திருத்தமோ அவர் ஊரில் நடந்தால், அங்குள்ள கலைஞர்களுக்கு வேலையும் கைப்பழக்கமும் கிடைக்கும். எனக்குத் தெரிந்தவரை, அடுத்த படத்தில் அவர் 30 சதவீதக் கூட்டாளியாக வளர்வதற்கு இந்தக் கைப்பழக்கம்தான் வழிவிடுகிறது.

விழுங்கல் நடப்பதானால் அது பெரும்பாலும் ஏரியா வரையறையில் நடக்கும். ஒருமுறை எங்கள் கூட்டாளியின் நாட்டில் ஒளிபரப்பான படம் செயற்கைக்கோள் வழியே எங்கள் ஏரியாவிலும் தெரிந்துவிட்டது. எங்களிடம் தொலைக்காட்சி உரிமை வாங்கியிருந்தவர் கடைசித் தவணையை நிறுத்திவிட்டார். ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வரி இல்லை. அன்று முதல் அலைக்கசிவு பற்றிய பிரிவைப் படிக்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைப்பதில்லை.

கேள்வி: நான்கு நாட்டுப் பணம் சேர்ந்தால் கதை அவியலாகிவிடாதா?

ஆகும், ஆகியும் இருக்கிறது. நடிகர் ஓர் ஊர், மொழி வேறூர், நிலக்காட்சி மூன்றாமூர் என்று ஒட்டுப்போட்ட படங்களை ஐரோப்பாவிலேயே ‘யூரோ புட்டிங்’ என்று கேலி செய்வார்கள்.

2011இல் சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்த ‘பிரோன்’ தொடரின் தொடக்கத்தைப் பாருங்கள். இரு நாடுகளையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தில் விளக்குகள் அணைகின்றன. மீண்டும் எரியும்போது, எல்லைக்கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. தூக்கும்போதுதான் இடுப்புக்கு மேலே ஒருத்தி, கீழே வேறொருத்தி என்று தெரிகிறது. ஒரு பாதி சுவீடன் காவல்துறைக்கு, மறுபாதி டென்மார்க்குக்கு. அதற்குப் பிறகு இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உழைக்காமல் கதை நகரவே முடியாது. அவரவர் தம் மொழியில் பேசுகிறார்கள். இரு நாட்டு நிதியையும் கதை தானாகவே கேட்டு வாங்கிவிடுகிறது. அமெரிக்க–மெக்சிகோ எல்லையிலும், பிரிட்டன்–பிரான்ஸ் சுரங்கத்திலும், மலேசிய–சிங்கப்பூர் எல்லையிலும் இதையே மறுஆக்கம் செய்ய முடிந்ததற்கும் இதுவே காரணம்.

கேள்வி: ஓடிடி நிறுவனங்கள் முழுப் பணமும் தரும்போது இவ்வளவு காகித வேலை தேவையா?

தரும்வரை தேவையில்லை. 2022 ஜூலையில் எச்பிஓ மேக்ஸ் நோர்டிக் நாடுகளில் சொந்தத் தயாரிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அவ்வட்டாரத்திலேயே பிறந்த வையாப்ளே கால் பங்குக்கு மேல் ஆட்களைக் குறைத்தது. இரண்டு முடிவுகளும் எழுத்தாளர்களுக்கோ இயக்குநர்களுக்கோ சம்பந்தமில்லாத கணக்கறைகளில் எடுக்கப்பட்டவை. அதே நாடுகளின் ஐந்து பொது ஒளிபரப்பு நிறுவனங்களோ, ஆண்டுக்கு 12 நாடகத் தொடர்களைச் சேர்ந்து தயாரிப்பதென 2018இலேயே முடிவெடுத்திருந்தன. மேலும், முழுப் பணம் தருபவர் முழு உரிமையையும் எடுத்துக்கொள்வார். மறுஆக்க உரிமை யாரிடம் என்பதை முதலிலேயே பாருங்கள்.

கேள்வி: இப்படித் தொடங்கித் தோற்றவர்கள் உண்டா?

உண்டு. 1979இல் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 14 நாடுகள், இன்றைய புர்கினா பாசோவின் தலைநகரான வாகடூகுவைத் தலைமையிடமாகக் கொண்டு ‘சிஐடிசி’ என்ற கூட்டு விநியோக அமைப்பை இயக்கத் தொடங்கின. அதுவரை அந்நாடுகளின் திரையரங்குகளுக்குப் படம் அனுப்பும் பிடி பிரெஞ்சு நிறுவனங்களின் கையில் இருந்தது. பதினான்கு சந்தைகளுக்கும் ஒரே கையாக வாங்கினால் வெளிநாட்டுப் படம் மலிவாகும், உள்ளூர்ப் படத்துக்கும் திரை கிடைக்கும் என்ற கணக்கில் பிழையில்லை. ஆனால் உறுப்பு நாடுகள் தம் பங்கைக் கட்டாமல் இழுத்தடித்தன. 1984இல் அமைப்பு முடங்கியது. அதே ஊரில் 1969இல் தொடங்கிய பெஸ்பாக்கோ திரைப்பட விழா இன்றும் நடக்கிறது. விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ள எந்த அமைச்சரும் தயங்குவதில்லை. வசூல் பாக்கியை அனுப்பச் சொன்னால்தான் கோப்பு தொலைந்துபோகிறது.

கேள்வி: இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் இது சாத்தியமா?

ஒப்பந்தமே இல்லாமல் ஒரு காலத்தில் நடந்ததுதான். 1947 ஜனவரியில் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுணு பொரொந்துவ’, எஸ். எம். நாயகத்தின் மதுரை ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் பல சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே உருவாயின. ஆனால் அது வாடகைக் கூட்டு. கதையும் பாட்டு மெட்டும் இங்கிருந்தே போகின்றன என்று கொழும்பில் எழுந்த குறை நியாயமானது. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதன் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்தது. இரண்டு தயாரிப்பாளர்கள், ஒரு கதை, இரு பக்கமும் முன்கூட்டியே படத்தை எடுத்துக்கொள்ளும் ஆளுக்கொரு தொலைக்காட்சி நிலையம் என்ற அளவில் தொடங்கலாம்.

கேள்வி: ஆவணப்படம் எடுக்கிறேன். முதலில் எந்தத் தாளைத் தயார் செய்ய வேண்டும்?

நிதித் திட்டத்தை. எந்தப் பணம் உறுதியானது, எது பேச்சளவில் இருப்பது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பேச்சளவில் இருப்பதை உறுதியானதன் பத்தியில் எழுதிவிடாதீர்கள். எதிரே உட்காருபவர் முதலில் அதைத்தான் தொலைபேசியில் சரிபார்ப்பார்.